எம்ஜிபி காருக்குப் புது எக்ஸாஸ்ட்: வாங்குவது முதல் மாட்டுவது வரை அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எம்ஜி நிறுவனத்தின் எம்ஜிபி ஸ்போர்ட்ஸ் கார் 1962 முதல் 1980 வரை இங்கிலாந்தின் அபிங்டன் ஆலையில் தயாரானது. திறந்த கூரை ரோட்ஸ்டர், மூடிய கூரை ஜிடி இரண்டும் சேர்த்து ஐந்து லட்சத்துக்கும் மேல் வெளியே வந்தன. இன்னும் ஓடிக்கொண்டிருக்கும் பழைய ஸ்போர்ட்ஸ் கார்களில் உதிரிபாகம் சுலபமாகக் கிடைப்பது இதற்குத்தான். சுலபமாகக் கிடைப்பதாலேயே எக்ஸாஸ்ட் (புகைபோக்கிக் குழாய்) வாங்கும்போது குழப்பமும் அதிகம். இங்கே சொல்வதெல்லாம் 1798 சிசி நான்கு சிலிண்டர் எஞ்சின் உள்ள கார்களுக்கு. ஆறு சிலிண்டர் எம்ஜிசி, வி8 எஞ்சின் வைத்த ஜிடி இரண்டுக்கும் குழாய் அமைப்பே வேறு.

பின் சைலன்சரில் மட்டும் ஓட்டை. அதை மட்டும் மாற்றினால் போதாதா?

மற்ற பகுதிகள் திடமாக இருந்தால் போதும். ஆனால் பெரும்பாலும் அப்படி இருப்பதில்லை. ஒரு ஸ்க்ரூடிரைவரின் கைப்பிடியால் குழாய் நெடுக, முக்கியமாக ஒவ்வொரு இணைப்பின் இரு பக்கமும், லேசாகத் தட்டிப் பாருங்கள். நல்ல இரும்பு கணீரென்று ஒலிக்கும். உள்ளே துருப்பிடித்து மெலிந்த இடம் மந்தமாகச் சத்தம் கொடுக்கும். வளைவுகளின் அடிப்பக்கமும், சைலன்சர் உடலும் குழாயும் சேரும் வெல்டிங் தையலும்தான் முதலில் போகும்.

இன்னொரு சிக்கலும் இருக்கிறது. இணைப்பைப் பிடிக்கும் பழைய யு-போல்ட் கிளாம்ப் (யு வடிவப் பிடி) குழாயை அழுத்தி ஒடுக்கியிருக்கும். அந்த ஒடுக்கத்துக்குள் புதுக் குழாய் நுழையாது. வெட்டி எடுக்கப் போனால் மிச்சமிருக்கும் பகுதியும் குட்டையாகிவிடும். ஒன்றை மாற்றப் போய் மூன்றை மாற்ற வேண்டிவரும். இரண்டு துண்டுகள் சந்தேகம் என்றால் முழு செட்டையும் வாங்கிவிடுவது மேல்.

மூன்று வருடத்துக்கு முன்னால்தான் மாற்றினேன், காரை அதிகம் எடுப்பதும் இல்லை. எப்படித் துருப்பிடித்தது?

அதிகம் எடுக்காததால்தான். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாக வெளியேறுகிறது. குழாய் சூடாக இருந்தால் அது அப்படியே போய்விடும். கடைக்குப் போய்த் திரும்பும் சின்னப் பயணங்களில் பின் சைலன்சர் சூடேறுவதே இல்லை. எஞ்சினிலிருந்து தூரத்தில் இருப்பதால் ஆவி அங்கேதான் தண்ணீராகித் தேங்குகிறது. கூடவே அமிலத்தன்மையும் சேர்ந்து இரும்பை உள்ளிருந்து தின்கிறது. வெளியே பூசிய கறுப்புப் பெயின்ட் இதற்கு ஒன்றும் செய்யாது.

குளிர்காலத்தில் ஷெட்டில் நிறுத்திவைத்து, வாரம் ஒருமுறை ஸ்டார்ட் செய்து ஐந்து நிமிடம் ஓடவிட்டு அணைக்கும் பழக்கம் பலருக்கு உண்டு. எக்ஸாஸ்டுக்கு அதைவிடக் கெடுதல் வேறில்லை. எடுத்தால் அரை மணி நேரமாவது ஓட்டுங்கள், இல்லாவிட்டால் தொடாமல் விடுங்கள்.

மைல்டு ஸ்டீலா, ஸ்டெயின்லெஸ் ஸ்டீலா?

வருடத்துக்குச் சில நூறு மைல் ஓடும் காருக்கு ஸ்டெயின்லெஸ். மேலே சொன்ன தண்ணீர்தான் காரணம். மைல்டு ஸ்டீல் தினமும் ஓடும் காரில் ஓரளவு தாக்குப்பிடிக்கும், நின்றுகொண்டிருக்கும் காரில் சீக்கிரம் போய்விடும். அலுமினியம் பூசிய ஸ்டீல் இரண்டுக்கும் நடுவில் வரும். ஆனால் வெட்டிய முனையிலும் வெல்டிங் போட்ட இடத்திலும் பூச்சு இருக்காது, துரு அங்கிருந்து தொடங்கும்.

ஸ்டெயின்லெஸ்ஸிலும் தரம் ஒன்றல்ல. பரவலாகக் கிடைப்பவை 409, 304 என்று இரண்டு. 409-இல் குரோமியம் 11 சதவீத அளவுதான். மேலாகப் பழுப்பு படியும், ஆனாலும் சாதாரண இரும்பைவிடப் பல மடங்கு உழைக்கும். 304-இல் 18 சதவீதம் குரோமியம், 8 சதவீதம் நிக்கல். துரு அண்டாது, விலை கூடுதல். வாங்கும்போது ஒரு காந்தத்தைக் கொண்டுபோங்கள். 409-இல் பட்டென ஒட்டும், 304-இல் ஒட்டாது (வளைத்த இடத்தில் மட்டும் மிக லேசாக இழுக்கலாம்). 304 என்று சொல்லி விற்றதில் காந்தம் ஒட்டினால் கடைக்காரரிடம் பேச வேண்டியதுதான்.

அசல் தோற்றம் முக்கியம், போட்டிகளில் நிறுத்தப்போகிறேன் என்பவர்கள் மைல்டு ஸ்டீலே வாங்கலாம். ஸ்டெயின்லெஸ்ஸின் சத்தம் கொஞ்சம் மெல்லியதாக, தகரத்தன்மையோடு இருக்கிறது என்று குறைப்படுபவர்கள் உண்டு. அது முழுக்கப் பொய்யில்லை. ஆனால் உலோகத்தைவிட உள்ளே இருக்கும் சைலன்சர் அமைப்புக்கும் தகட்டின் கனத்துக்கும்தான் அதில் பங்கு அதிகம். மலிவான ஸ்டெயின்லெஸ் செட்டின் தகடு மெலிசாக இருக்கும், அதுதான் அதிர்கிறது.

ஆர்டர் கொடுக்கும்போது என்ன சொல்ல வேண்டும்?

"1972 எம்ஜிபி" என்று மட்டும் சொல்லாதீர்கள். சேசிஸ் எண்ணைக் கொடுங்கள். ஜிஹெச்என் என்று தொடங்கினால் ரோட்ஸ்டர், ஜிஹெச்டி என்றால் ஜிடி. அதற்கு அடுத்த இலக்கம் 3, 4, 5 என்று எந்தக் காலத்து வண்டி என்பதைக் காட்டும். 1967-இல் மார்க் 2 வந்தபோது கியர்பாக்ஸும் அதைச் சுற்றியுள்ள டனலும் (நடுத் தரை மேடு) மாறின, குழாயைப் பிடிக்கும் இடங்களைப் பார்த்து வாங்க வேண்டும். 1974 கடைசியில் குரோம் பம்பர் போய் ரப்பர் பம்பர் வந்தது, கார் ஒன்றரை அங்குலம் உயர்ந்தது. பம்பர் வெளியே நீண்டிருப்பதால் டெயில்பைப்பின் (புகை வெளியே வரும் கடைசிக் குழாயின்) நீளத்தையும் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

அமெரிக்காவுக்குப் போன வண்டிகள் தனிக் கதை. 1975 முதல் அவற்றில் இரட்டை எஸ்யு கார்புரேட்டருக்கு (பெட்ரோலையும் காற்றையும் கலக்கும் பாகம்) பதில் ஒற்றை ஸ்ட்ராம்பர்க் கார்புரேட்டர். இன்லெட், எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டுகள் (காற்றும் புகையும் போக எஞ்சினோடு சேரும் கிளைக்குழாய்கள்) ஒரே வார்ப்பு, கீழே ஒற்றைக் குழாய், பல கார்களில் கேட்டலிடிக் கன்வெர்ட்டரும் (புகையைச் சுத்தப்படுத்தும் பாகம்) சேர்ந்து வந்தது. அந்தக் காரில் இங்கிலாந்து டவுன்பைப் (மேனிஃபோல்டிலிருந்து கீழிறங்கும் குழாய்) நேரடியாகப் பொருந்தாது. அமெரிக்காவிலிருந்து திரும்பி வந்த கார்களில் முந்தைய உரிமையாளர் எதை எதோடு மாற்றியிருக்கிறார் என்பது அவருக்கே மறந்திருக்கும். ஆகவே ஆண்டை நம்பாமல் பானெட்டைத் திறந்து பாருங்கள். மேனிஃபோல்டின் அடியில் ஒவ்வொன்றிலும் மூன்று ஸ்டட் (நட் மாட்டும் திருகு முளை) வீதம் இரண்டு ஃபிளேஞ்சு (இணைப்புத் தகடு) இருந்தால் இரட்டை டவுன்பைப்.

ட்யூபுலர் மேனிஃபோல்ட் (வளைத்த குழாய்களால் செய்தது) போட்டால் பவர் கூடுமா?

இந்தக் கேள்வி வராத நாளில்லை. சுருக்கமான பதில்: எஞ்சின் மற்றபடி அசலாக இருந்தால், செலவுக்கு ஏற்ற பலன் இல்லை.

காரணம் எம்ஜிபியின் சிலிண்டர் ஹெட்டில் இருக்கிறது. அதில் எக்ஸாஸ்ட் போர்ட் (புகை வெளியேறும் வாய்) நான்கு இல்லை, மூன்றுதான். 1-ஆம் சிலிண்டருக்கு ஒன்று, 4-க்கு ஒன்று, நடுவிலுள்ள 2, 3 இரண்டுக்கும் சேர்த்து ஒன்று. எரியும் வரிசை 1-3-4-2. கணக்குப் போட்டுப் பாருங்கள்: 2-உம் 3-உம் ஒன்றுக்கொன்று கிராங்க் ஒரு முழுச் சுற்று தள்ளி வருகின்றன. 1-உம் 4-உம் அப்படியே. அதனால் நடுப் போர்ட்டுக்கு ஒரு குழாய், இரண்டு ஓரப் போர்ட்டுகளையும் சேர்த்து இன்னொரு குழாய் என்று பிரித்தால், இரண்டு குழாயிலும் புகைத் துடிப்புகள் சம இடைவெளியில் போகும், ஒன்றோடொன்று முட்டிக்கொள்ளாது. அசல் வார்ப்பிரும்பு மேனிஃபோல்ட் இதைத்தான் செய்கிறது. கீழே இரட்டைக் குழாய் தனித்தனியாக இறங்கி, சற்றுத் தூரம் போய்ப் பிறகு சேர்வதும் அதற்காகத்தான். 1960-களின் தொழிற்சாலை மேனிஃபோல்டுகளில் இவ்வளவு நல்லது அபூர்வம்.

ட்யூபுலர் வகையும் அதே மூன்று போர்ட்டில்தான் உட்கார வேண்டும். ஹெட்டை வேலை செய்து, கேம்ஷாஃப்ட் மாற்றி, 5,500 ஆர்பிஎம்முக்கு மேலே அடிக்கடி போகும் எஞ்சினுக்கு அதன் பலன் தெரியும். சாதாரண ரோட்டுக் காருக்கு, வார்ப்பிரும்பையே வைத்துக்கொண்டு மிச்சப் பணத்தை நல்ல ஸ்டெயின்லெஸ் செட்டிலும் கார்புரேட்டர் சர்வீசிலும் போடுங்கள். வார்ப்பிரும்பு சத்தத்தையும் உள்ளே அடக்கும், வெப்பத்தையும் ஓரளவு பிடித்துவைக்கும். மெலிந்த ட்யூப் பானெட்டுக்கு அடியில் வெப்பத்தை வாரி இறைக்கும். எம்ஜிபியில் கார்புரேட்டர் சரியாக அதற்கு மேலேதான் உட்கார்ந்திருக்கிறது. எத்தனால் கலந்த இன்றைய பெட்ரோலோடு கோடை டிராஃபிக்கில் நின்றால் பெட்ரோல் கொதிக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

சரி, ட்யூபுலர்தான் வேண்டும். எதைக் கவனிக்க வேண்டும்?

ஃபிளேஞ்சின் கனத்தை. இன்லெட், எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டுகள் ஹெட்டின் ஒரே பக்கத்தில் அக்கம்பக்கமாக இருக்கின்றன. நடுவிலுள்ள பெரிய கனத்த வாஷர்கள் பாதி இன்லெட் மேலும் பாதி எக்ஸாஸ்ட் மேலும் உட்கார்ந்து, ஒரே நட்டால் இரண்டையும் அழுத்துகின்றன. இரண்டு ஃபிளேஞ்சும் ஒரே கனமாக இருக்கும்வரை பிரச்சினை இல்லை. புது ட்யூபுலரின் ஃபிளேஞ்சு ஒரு மில்லிமீட்டர் மெலிசாக இருந்தால் வாஷர் சாய்ந்து உட்காரும். நட்டை எவ்வளவு இறுக்கினாலும் அழுத்தம் இன்லெட் மேல்தான் விழும், எக்ஸாஸ்ட் பக்கம் கேஸ்கெட் (இடைவெளியை அடைக்கும் தகடு) ஊதிக்கொண்டு போய்விடும். கனம் அதிகமாக இருந்தால் எதிர்மாறு: இன்லெட்டில் காற்று கசிந்து, ஐடிலிங் தாறுமாறாக ஓடும். மாட்டுவதற்கு முன்னால் வெர்னியரால் இரண்டையும் அளந்து பாருங்கள். வித்தியாசம் இருந்தால் படி வைத்துக் கடைந்த வாஷர் போடுங்கள், அல்லது கனமான ஃபிளேஞ்சை லேத்தில் கொடுத்துச் சமப்படுத்துங்கள்.

இடப்பக்க ஸ்டியரிங் கார் என்றால் இன்னொன்று. ஸ்டியரிங் தண்டு மேனிஃபோல்ட் இருக்கும் பக்கமே இறங்குகிறது. வலப்பக்க ஸ்டியரிங் காருக்கு வளைத்த ட்யூப் அங்கே இடிக்கும். வாங்கும் முன் விற்பவரிடம் எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

எஞ்சினுக்குக் கொஞ்சம் "பேக் பிரஷர்" வேண்டும் என்கிறார்களே?

வேண்டாம். எந்த எஞ்சினுக்கும் அடைப்பு நல்லதல்ல. புகை வேகமாகப் போக வேண்டும் என்பதுதான் விஷயம். குழாய் தேவைக்குமேல் அகலமானால் புகையின் வேகம் குறைகிறது, பின்னால் வரும் புகையை இழுத்துச்செல்லும் விசையும் குறைகிறது, கீழ் ஆர்பிஎம்மில் இழுவை போய்விடுகிறது. அதைப் பார்த்துத்தான் பேக் பிரஷர் குறைந்துவிட்டது என்று காரணம் கற்பித்துவிட்டார்கள். இந்த எஞ்சினுக்கு 1¾ முதல் 2 அங்குலக் குழாய் தாராளம். அதற்குமேல் போனால் கிடைப்பது சத்தம் மட்டும்.

சைலன்சர் ஒன்று போதுமா, இரண்டு வேண்டுமா?

அசல் அமைப்பில் நடுவில் ஒன்று, பின்னால் ஒன்று. ஒற்றை சைலன்சர் செட்டுகள் "ஸ்போர்ட்ஸ்" என்ற பெயரில் விற்கின்றன. கடை வாசலில் ஆக்சிலரேட்டரைத் தட்டினால் உறுமல் அருமையாக இருக்கும். மோட்டார்வேயில் இரண்டு மணி நேரம் ஓட்டிய பிறகும் அருமையாக இருக்கிறதா என்பதுதான் கேள்வி. 70 மைல் வேகத்தில் ஓவர்டிரைவ் (எஞ்சின் சுழற்சியைக் குறைக்கும் கூடுதல் கியர்) இருந்தால் எஞ்சின் சுமார் 3,200 ஆர்பிஎம்மில் சுற்றும், ஓவர்டிரைவ் இல்லாவிட்டால் 3,900. ஒரு செட்டின் ரீங்காரம் சரியாக அந்த இடத்தில் வந்து உட்கார்ந்தால் தலைவலிதான். ஜிடி வாங்கியவர்களுக்கு இது இன்னும் மோசம், மூடிய கூரைக்குள் அந்தச் சத்தம் எதிரொலித்துக்கொண்டே இருக்கும்.

அதனால் வாங்குவதற்கு முன் அதே செட் மாட்டிய காரில் ஒருமுறை நெடுஞ்சாலையில் போய்ப் பாருங்கள். கிளப்புகளில் கேட்டால் யாராவது உட்காரவைத்து ஓட்டிக் காட்டுவார்கள். வீடியோவில் கேட்கும் சத்தத்தை வைத்து முடிவெடுக்காதீர்கள். மைக்கில் ரீங்காரம் தெரியாது.

உள்ளே துளைபோட்ட நேர்க்குழாயும் சுற்றிலும் நார்ப்பொதியும் உள்ள சைலன்சர்களில், அந்த நார் வருடக்கணக்கில் எரிந்து பறந்து போகும். வாங்கியபோது இருந்த சத்தம் பிறகு கூடும். தடுப்புத் தகடு வைத்த அசல் வகையில் அந்தப் பிரச்சினை இல்லை.

சட்டப்படி எதுவும் தடை இருக்கிறதா?

பிரிட்டனில் 40 வருடம் கடந்த, பெரிதாக மாற்றப்படாத கார்களுக்கு 2018 மே முதல் எம்ஓடி (வருடாந்தர வாகனத் தகுதி) சோதனை கட்டாயமில்லை. இன்று எல்லா எம்ஜிபியும் அந்த வயதைத் தாண்டிவிட்டது. ஆனால் சோதனைக்குத்தான் விலக்கு, ரோட்டில் ஓடத் தகுதியான நிலையில் இருக்க வேண்டும் என்பதற்கு விலக்கில்லை. எக்ஸாஸ்டை மாற்றிச் சத்தத்தைக் கூட்டக் கூடாது என்று 1986 வாகன விதிகள் சொல்கின்றன. விருப்பப்பட்டு எம்ஓடிக்குக் கொண்டுபோனால், 1975 ஆகஸ்ட்டுக்கு முன் ரோட்டுக்கு வந்த காருக்குக் கண்ணால் புகை பார்ப்பதோடு சரி. அதற்குப் பிந்தையவற்றுக்குக் கார்பன் மோனாக்சைடு 4.5 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும்.

கலிஃபோர்னியாவில் 1975 மாடல் வரைதான் புகைச் சோதனை விலக்கு. 1976 முதல் 1980 வரையுள்ள எம்ஜிபியில் கன்வெர்ட்டரைக் கழற்றிவிட்டு நேர்க்குழாய் போட நினைத்தால் அங்கே மாட்டிக்கொள்வீர்கள்.

பழையதைக் கழற்ற என்ன தயாரிப்பு வேண்டும்?

பொறுமையும் துரு இளக்கும் எண்ணெயும். டவுன்பைப்பைப் பிடித்திருக்கும் ஆறு பித்தளை நட்டுகளிலும் முந்தின நாளே எண்ணெய் விடுங்கள், இரவு ஒருமுறை, காலையில் ஒருமுறை.

காரை உயர்த்தி ஸ்டாண்டில் நிறுத்துங்கள். ஜாக்கை மட்டும் நம்பிக் கீழே படுக்கக் கூடாது, இதில் விவாதமே இல்லை. பாதுகாப்புக் கண்ணாடி போடாமல் படுக்கவும் கூடாது. தட்டும் ஒவ்வொரு தட்டுக்கும் துருத்தூள் நேராகக் கண்ணில்தான் விழும். ஹேக்சாவுக்குப் பதில் கிரைண்டர் வைத்து வெட்டுவதாக இருந்தால், பெட்ரோல் குழாய் எந்தப் பக்கம் போகிறது என்று முதலில் பாருங்கள். பேட்டரி இணைப்பையும் கழற்றிவிடுங்கள், அது சீட்டுக்குப் பின்னால் இருக்கிறது.

ஸ்பேனர் அங்குல அளவில் இருக்க வேண்டும். அரை அங்குல நட்டில் 13 மிமீ ஸ்பேனர் உட்கார்ந்துவிடும், ஆனால் 0.3 மிமீ தளர்வு இருக்கும். துருப்பிடித்த நட்டின் மூலைகளை மழுக்க அது போதும். ஆறு பட்டை சாக்கெட் போடுங்கள், பன்னிரண்டு பட்டை வேண்டாம். எஞ்சினை ஒட்டியிருக்கும் நட்டுகளுக்கு மேலிருந்து கை போகாது. அடியில் படுத்து, நீள எக்ஸ்டென்ஷனும் யுனிவர்சல் ஜாயிண்டும் சேர்த்துத்தான் பிடிக்க வேண்டும்.

திருகும்போது கையில் என்ன தெரிகிறது என்று கவனியுங்கள். நட் கிரீச்சென்று ஒரு சத்தத்தோடு அசைந்தால் நல்லது, வருகிறது. நட் நகராமல் ஸ்பேனர் மட்டும் மெதுவாக இளகிக் கொடுத்துக்கொண்டே போனால் ஸ்டட் முறுக்கிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். அங்கேயே நிறுத்துங்கள். கொஞ்சம் முன்னால் இறுக்கி, எண்ணெய் விட்டு, திரும்பக் கழற்றி, இப்படி முன்னும் பின்னுமாகக் கொண்டுபோங்கள்.

ஸ்டட் முறிந்தே போய்விட்டது. இனி?

முழு மேனிஃபோல்டையும் கழற்றி மேசைக்குக் கொண்டுவாருங்கள். காருக்கு அடியில் படுத்துக்கொண்டு துளை போட்டால் துளை கோணலாகத்தான் போகும், மரையும் சேர்ந்து போகும். மேசையில் வைத்து, முறிந்த ஸ்டட்டைச் சுற்றி வார்ப்பிரும்பை நன்றாகச் சூடாக்கினால் பெரும்பாலும் குறட்டால் பிடித்தே கழற்றலாம். ஒன்று முறிந்தால் ஆறையும் மாற்றுங்கள். நட் புதுப் பித்தளை நட்டாகவே இருக்கட்டும். பித்தளை இரும்போடு ஒட்டி இறுகாது, அடுத்த முறை கழற்றுகிறவர் உங்களை வாழ்த்துவார், அது நீங்களாகவே இருக்கலாம்.

மேனிஃபோல்ட் வெளியே வந்த சமயத்திலேயே அதன் முகத்தில் ஒரு ஸ்டீல் ஸ்கேலைக் குறுக்கே வைத்து, வெளிச்சத்தில் பாருங்கள். வளைந்திருந்தால் எஞ்சினியரிங் ஒர்க்‌ஷாப்பில் கொடுத்துச் சீவி வாங்குங்கள். கார்புரேட்டருக்கும் மேனிஃபோல்டுக்கும் நடுவிலுள்ள பழைய வெப்பத் தடுப்பில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். அதை உப்புத்தாளால் தேய்க்கவோ கம்பி பிரஷ்ஷால் சுரண்டவோ கூடாது. சந்தேகம் என்றால் நனைத்து, பையில் கட்டி, முறைப்படி அப்புறப்படுத்திவிட்டுப் புதியது வாங்குங்கள்.

புதியதை எந்த வரிசையில் மாட்டுவது?

முன்னாலிருந்து பின்னால், எல்லாமே தளர்வாக. முதல் துண்டை மாட்டி நன்றாக இறுக்கி, அப்புறம் அடுத்ததற்குப் போனால் கடைசியில் டெயில்பைப் பம்பரில் போய் இடிக்கும். நடைமுறையில் வரும் தொல்லைகளில் முக்கால்வாசி இந்த ஒன்றால்தான் வருகிறது.

முதலில் தரையிலேயே எல்லாத் துண்டுகளையும் வரிசையாகக் கோத்துப் பாருங்கள். ஸ்லிப் ஜாயிண்ட் (ஒன்றுக்குள் ஒன்று நுழையும் இணைப்பு) நுழையாவிட்டால் உள்முனையின் பிசிறை அரத்தால் எடுத்துவிடுங்கள், சுத்தியலை எடுக்காதீர்கள். பிறகு டவுன்பைப்பைப் புது சீலிங் ரிங்குகளோடு மேனிஃபோல்டில் ஏற்றி, ஆறு நட்டையும் விரலால் மட்டும் திருகுங்கள். இரண்டு கால்களில் ஒன்று ஃபிளேஞ்சில் ஒழுங்காக உட்காராமல் சற்று விலகி நிற்பது மறு தயாரிப்புக் குழாய்களில் சகஜம். நட்டை இறுக்கியே அதை இழுத்துவிடலாம் என்று நினைக்காதீர்கள். இழுத்தால் வரும், ஆனால் அந்த இழுவிசை ஸ்டட்டில் நிரந்தரமாக நிற்கும். ரொம்ப விலகினால் திருப்பிக் கொடுங்கள்.

நடுக் குழாய், சைலன்சர்கள், டெயில்பைப் என்று ஒவ்வொன்றாகக் கோத்து, ரப்பர் பிடிகளில் தொங்கவிடுங்கள். பிடிகளைப் புதிதாகவே போடுங்கள். மலிவு ரப்பர் சீக்கிரம் வெடித்துவிடும் என்பதால் ஒரு ஜோடி கூடுதலாக வாங்கி பூட்டில் (டிக்கியில்) போட்டுவைத்தால் தப்பில்லை. ரப்பர் எதுவும் இழுபட்டோ முறுக்கியோ இல்லாமல், இயல்பாகத் தொங்க வேண்டும்.

இப்போது இடைவெளி பார்ப்பது. எஞ்சின் ரப்பர் மவுண்டில் நிற்கிறது, ஆக்சிலரேட்டர் கொடுக்கும்போது ஆடும், கூடவே குழாயும் ஆடும். பாடியிலிருந்தும் பிரேக், பெட்ரோல் குழாய்களிலிருந்தும் விரல் நுழையும் அளவாவது இடம் விடுங்கள். பின் அச்சுப் பக்கம் ஒரு பொறி இருக்கிறது: பாடியைத் தூக்கி ஸ்டாண்டில் வைத்திருந்தால் அச்சு கீழே தொங்கிக்கொண்டிருக்கும், இடைவெளி ஏராளமாகத் தெரியும். கார் தரையில் நிற்கும்போது அந்தக் கணக்கு மாறிவிடும். ஸ்டாண்டை அச்சுக்கு அடியில் மாற்றி வைத்து இன்னொருமுறை பாருங்கள்.

எல்லாம் சரி என்றானதும் முன்னாலிருந்து இறுக்கிக்கொண்டே வாருங்கள். டவுன்பைப் நட்டுகளை ஒரு பக்கமாக முடிக்காமல், மாறி மாறிக் கொஞ்சம் கொஞ்சமாக. கிளாம்ப்பில் யு-போல்டைவிட அகலப் பட்டை வகை நல்லது, குழாயை ஒடுக்காது. யு-போல்ட்தான் என்றால் நட்டுகள் தரையைப் பார்த்துத் தொங்காமல் பக்கவாட்டில் இருக்கும்படி திருப்பி வையுங்கள். இல்லாவிட்டால் முதல் வேகத்தடையிலேயே அவை தேய்ந்துபோகும்.

எக்ஸாஸ்ட் பேஸ்ட் போடலாமா?

ஸ்லிப் ஜாயிண்டில் மெல்லிசாக, உள்ளே போகும் குழாயின் வெளிப்பக்கத்தில் போடலாம். மேனிஃபோல்ட் கேஸ்கெட்டில் வேண்டாம். போட்ட பிறகு எஞ்சினைப் பத்து நிமிடம் ஐடிலில் விட்டால் இறுகிவிடும். ஸ்டட் மரையில் காப்பர் கிரீஸ்.

கசிவு இருக்கிறதா என்று எப்படிப் பார்ப்பது?

குளிர்ந்த எஞ்சினில். சூடானால் இரும்பு விரிந்து சின்னக் கசிவுகள் அடைந்துகொள்ளும், சத்தமே கேட்காது. ஸ்டார்ட் செய்ததும், கனமான கையுறையும் மடித்த துணியும் வைத்து ஒருவர் டெயில்பைப்பை ஓரிரு விநாடி அடைக்கட்டும். எஞ்சின் திணறினால் குழாய் இறுக்கமாக இருக்கிறது. திணறாமல் எங்கோ உஸ்ஸென்று கேட்டால் அங்கே கசிகிறது. இடம் பிடிபடாவிட்டால் ஒரு மீட்டர் ரப்பர் குழாயின் ஒரு முனையைக் காதில் வைத்து மறுமுனையை இணைப்புகள் நெடுகக் கொண்டுபோங்கள், ஃபேனிலிருந்து தள்ளி. இதையெல்லாம் ஷெட்டுக்கு வெளியேதான் செய்ய வேண்டும்.

முதல் நீண்ட ஓட்டம் முடிந்து ஆறிய பிறகு எல்லா நட்டையும் இன்னொரு சுற்று பாருங்கள். கட்டாயம் ஒன்றிரண்டு தளர்ந்திருக்கும். முதல் அரை மணி நேரம் அடியிலிருந்து புகை வருவது தயாரிப்பின்போது பூசிய எண்ணெய் எரிவது, பயப்பட வேண்டாம். ஸ்டெயின்லெஸ் குழாய் பொன்னிறமாகி, முன்பக்கம் நீலம் பாய்வதும் இயல்புதான்.

மாற்றிய பிறகு ஆக்சிலரேட்டரை விட்டதும் பட் பட்டென்று வெடிக்கிறது?

எங்கோ வெளிக்காற்று உள்ளே போகிறது, பெரும்பாலும் டவுன்பைப் இணைப்பில். ஆக்சிலரேட்டரை விடும்போது எரியாத பெட்ரோல் கொஞ்சம் குழாய்க்குள் வரும், அதற்குக் காற்று கிடைத்ததும் பற்றிக்கொள்கிறது. கசிவை முதலில் அடையுங்கள். அதற்குப் பிறகும் இருந்தால் மிக்ஸ்சரை (பெட்ரோல்-காற்றுக் கலவையை) பாருங்கள்.

கார்புரேட்டர் ஊசி (பெட்ரோல் அளவைக் கட்டுப்படுத்துவது) மாற்ற வேண்டுமா?

அசல் வகைச் செட் என்றால் தேவையில்லை, மிக்ஸ்சரைச் சரிபார்த்தால் போதும். புகையைத் தடையில்லாமல் வெளியே விடும் செட்டோடு ஏர் ஃபில்டரையும் மாற்றியிருந்தால் மேல் ஆர்பிஎம்மில் பெட்ரோல் பற்றாமல் போகலாம். அப்போது ரோலிங் ரோடில் (உருளைகள் மேல் காரை ஓட்டிச் சோதிக்கும் கருவி) ஒருமுறை வைத்துப் பார்த்து, ஒரு படி ரிச்சான (பெட்ரோலைக் கூடுதலாக விடும்) ஊசி போடுங்கள். ஊகத்தில் ஊசி மாற்றுவது வீண் செலவு.

ஹீட் ரேப் (வெப்பம் தாங்கும் துணிப்பட்டை) சுற்றலாமா?

மைல்டு ஸ்டீல் ட்யூபில் சுற்றினால் ஈரம் உள்ளே தங்கி ட்யூபையே அரித்துவிடும். பானெட் சூட்டைக் குறைக்க வேண்டுமானால் செராமிக் பூச்சு கொடுங்கள், வெப்பத் தடுப்புத் தகட்டையும் மறக்காமல் திரும்ப மாட்டுங்கள். தகடு அசிங்கமாக இருக்கிறது என்று எறிந்துவிட்டுக் கோடையில் பெட்ரோல் கொதிக்கிறது என்று வந்து கேட்பவர்களும் இருக்கிறார்கள்.

ரோட்ஸ்டரில் புகை வாசனை உள்ளே வருகிறது. குழாயில் கசிவே இல்லையே?

ஓடும் காரின் பின்னால் காற்றழுத்தம் குறைவு. டெயில்பைப்பில் வரும் புகை அங்கே சுழன்று முன்னால் திரும்பும். கூரையை மாட்டிக்கொண்டு பின் ஜன்னலை மட்டும் ஜிப்பைத் திறந்து விட்டால் நேராக உள்ளே வரும். டெயில்பைப் பம்பரைத் தாண்டி வெளியே நீண்டிருக்கிறதா, பூட் ரப்பர் ஒழுங்காக அடைக்கிறதா, ஜிடி என்றால் பின்கதவு ரப்பர் நைந்திருக்கிறதா என்று பாருங்கள். தரையில் விட்டுப்போன ரப்பர் மூடிகளும் ஒரு வழி. இதைத் தள்ளிப்போடாதீர்கள். கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது. வாசனை தெரிகிறது என்றால் அதுவும் கூட வருகிறது, தலை வலித்தால் உடனே காரை நிறுத்தி வெளியே இறங்குங்கள்.

ஒர்க்‌ஷாப்பில் கொடுத்தால் அரை நாளில் முடிந்துவிடுமே?

முடியும். லிஃப்ட் இருந்தால் வேலை பாதி. ஆனால் ஒன்றைச் சொல்லிவிட்டுக் கொடுங்கள்: இணைப்புகளை வெல்டிங் போட வேண்டாம், கிளாம்ப் மட்டும். வெல்டிங் போட்டுவிட்டால் அடுத்த முறை கியர்பாக்ஸோ கிளட்ச்சோ இறக்கும்போது முழுக் குழாயையும் வெட்ட வேண்டிவரும். போட்டே ஆக வேண்டும் என்றால் பேட்டரியையும் ஆல்டர்னேட்டரையும் கழற்றிவிட்டுத்தான்.